மாட்டுக்கு ரப்பர் பாய் போட்டோம், நம்ம குதிங்காலை மறந்துட்டோம்

விதைநெல், பூச்சிவிரட்டி, அமுதக்கரைசல் என்று இந்தப் பக்கங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை காலைப் பற்றிப் பேசலாம் என்று எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் குதிங்காலைப் பற்றி. போன மாதக் கூட்டத்தில், "காலையில எழுந்திரிச்சதும் குதிங்கால் வலி யாருக்கெல்லாம் இருக்கு?"ன்னு கேட்டேன். இருந்தவர்களில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். அதிலும் பெண்கள்தான் அதிகம்.

எங்களுக்கு வில்லியனூர் பக்கம் இரண்டு காணி நிலம். கீரை, கத்தரி, வெண்டை, கொஞ்சம் தூயமல்லி. ரசாயன உரத்தை விட்டு ஏழு வருடம் ஆகிறது. விளைச்சலை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது என்று, ஐந்து குடும்பம் சேர்ந்து புதுச்சேரி டவுனில் வாரம் இரண்டு நாள் கடை போடுகிறோம். ஒரு கட்டடத்தின் வராந்தா. நல்ல வழவழப்பான சிமெண்டுத் தரை. காலை ஆறு மணிக்கு நின்றால் பதினொரு மணி வரை நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். காய்கறி வைக்கிற இடம், லட்சுமி இருக்கிற இடம் என்று ஒரு பழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதத்தில் வலி ஆரம்பித்தது. கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால், குதிங்காலின் அடியில், உள்பக்கமாக, ஆணி அடித்த மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நடந்தால் குறைந்துவிடும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே குத்தல். சாயங்காலம் ஆனால் பாதம் முழுக்கக் கனக்கும். "வயசாகுதுல்ல, அப்டித்தான்" என்றார்கள். எனக்கு அப்போது 46 வயது.

பக்கத்து வீட்டு அக்கா கைவைத்தியம் சொன்னார். செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, அதன்மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, குதிங்காலை மெதுவாக வைத்து எடு என்றார். நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் தெரிந்த வைத்தியம்தான். செய்தேன். இதமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "எனக்கும் கால் ஓயுது, நானும் வெச்சிக்கிறேன்" என்று உட்கார்ந்தார். அவருக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. "சூடே இல்லையே, இன்னும் கொஞ்சம் சுடவை" என்றார். சுடவைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் குதிங்காலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். அவருக்கு வலியே தெரியவில்லை. சூடு இல்லாமல் இல்லை, அவர் பாதத்துக்குச் சூடு உறைக்கவில்லை. அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. அந்த வருடம் சம்பா நடவை ஆள் வைத்துத்தான் முடித்தோம். காலை எடுக்க வேண்டி வருமோ என்று நான் அழுத ராத்திரிகள் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். வைத்தியம் நல்லதுதான். அதை யாருக்குச் செய்கிறோம் என்று பார்க்காமல் செய்ததுதான் தப்பு.

இது என்ன வலி?

புண்ணுக்குக் கட்டுப் போடப் போன இடத்தில் நான் நொண்டுவதைப் பார்த்து மருத்துவர் கேட்டார்: "நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் நிக்கிறீங்க? எந்தத் தரையில நிக்கிறீங்க?" அதுவரை யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

குதிங்கால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடி வரைக்கும் பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லில் நாண் கட்டியது போலப் பாதத்தின் வளைவை அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அது இழுபட்டுத் தளர்கிறது. தாங்க முடியாத அளவுக்குச் சுமை தொடர்ந்து விழும்போது, குதிங்காலில் அது ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. இதைத்தான் ஆங்கில மருத்துவத்தில் 'பிளான்டர் ஃபேசியைட்டிஸ்' என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் குதிகால் வாதம் என்பார்கள்.

ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்நோக்கி மடங்கியிருக்கிறது. நார்ப்பட்டை அந்த நிலையிலேயே சுருங்கிக் கிடக்கிறது. காலையில் திடீரென்று உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றினால் சுரீர் என்கிறது. முதல் அடி மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

40 வயதிலிருந்து 60 வயதுக்குள் இது அதிகம் வருகிறது. உடம்பு எடை கூடியவர்கள், கெண்டைக்கால் சதை இறுகிப்போனவர்கள், தட்டைப் பாதம் உள்ளவர்கள், கெட்டித் தரையில் நெடுநேரம் நிற்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்குக் குதிங்கால் எலும்பில் முள் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். "எலும்பு வளந்துடுச்சு, ஆபரேஷன்தான்" என்று பயந்துவிடுகிறோம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. முள் இருந்தபடியே வலி மட்டும் போய்விடுவதும் சாதாரணம்.

மாட்டுக் கொட்டகையில் கிடைத்த பாடம்

அன்று வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போனேன். எங்கள் பசு ரப்பர் பாயில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்ட புதிதில் அதன் முட்டியெல்லாம் தேய்ந்து புண்ணானது. குளம்பும் கெட்டது. உடனே கடன் வாங்கியாவது ரப்பர் பாய் வாங்கிப் போட்டோம். மாட்டுக்குச் சிமெண்டு ஆகாது என்று தெரிந்த நமக்கு, நம் காலுக்கு ஆகாது என்று ஏன் தெரியாமல் போனது?

"வயல்ல நாள் முழுக்க வெறுங்கால்ல நிக்கிறோமே, அப்போ வரலையே?" என்று நீங்கள் கேட்கலாம். வயலில் நாம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. குனிகிறோம், நிமிர்கிறோம், ஒவ்வொரு அடியையும் ஒவ்வொரு மாதிரி வைக்கிறோம். மண் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது. சிமெண்டுத் தரை கொடுக்காது. அதன்மேல் ஐந்து மணி நேரம் அசையாமல் நின்றால் சுமையெல்லாம் ஒரே இடத்தில்தான் இறங்கும். டவுனில் பெரிய மார்க்கெட்டில் நின்று வியாபாரம் செய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள். நேரடி விற்பனை என்று நாம் நகரத்துக்குள் வந்தபோது, நகரத்துத் தரையும் நம்மோடு சேர்ந்து வந்துவிட்டது.

அதனால் முதல் வைத்தியம் தரையில்தான் ஆரம்பிக்கிறது. இப்போது எங்கள் கடையில் நிற்கிற இடத்தில் கோணிச் சாக்கை நாலாக மடித்து, அதன்மேல் பழைய மாட்டு ரப்பர் பாயின் துண்டைப் போட்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு மணி நேரம் நின்றால் கால் மணி நேரம் முக்காலியில் உட்கார வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்கிறோம். வீட்டில் சமையல்கட்டிலும் வெறுந்தரையில் நிற்பதில்லை.

செருப்பும் முக்கியம். தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு உதவாது. குதிங்காலில் மெத்தென்றும், பாத வளைவில் கொஞ்சம் தாங்கலும் இருக்க வேண்டும். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் கிடைக்கும். 1950களில் வேலூரிலும் காரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க, இந்த மென்மையான ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிங்கால் வலிக்காரர்களுக்கும் பயன்படுகிறது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி வைத்திருங்கள். காலையில் முதல் அடியே அதில் இருக்கட்டும்.

காசில்லாத பயிற்சி

வலி குறைய எனக்கு அதிகம் உதவியது இதுதான். செலவு கிடையாது.

ஒன்று: காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே செய்ய வேண்டியது. உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மற்றத் தொடையின்மேல் போடுங்கள். கையால் கால்விரல்களைப் பிடித்து முன்னங்கால் பக்கமாக இழுங்கள். மற்றக் கைவிரலால் பாதத்தின் அடியைத் தொட்டால், நார்ப்பட்டை கயிறு மாதிரி விறைப்பாகத் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. நெடுநேரம் உட்கார்ந்து எழும் முன்பும் செய்யலாம். 2003-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கெண்டைக்கால் சதையை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிப் பாதத்து நாரை நீட்டியவர்களுக்கு எட்டு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது.

இரண்டு: சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிங்கால் தரையைவிட்டு எழும்பாமல் முன்பக்கம் சாயுங்கள். கெண்டைக்கால் இழுக்கும். அரை நிமிடம் நில்லுங்கள். மூன்று முறை. முட்டியை லேசாக மடக்கி இன்னொரு மூன்று முறை.

மூன்று: கொஞ்சம் வலி அடங்கிய பிறகு செய்ய வேண்டியது. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் ஓரத்தில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் வளைந்து நிற்க, குதிங்கால் படிக்கு வெளியே இருக்கும்படி நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணிக் குதிங்காலை உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். பன்னிரண்டு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். முதலில் இரண்டு காலாலும் செய்து, பழகிய பிறகு ஒரு காலால் செய்யலாம். டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் மூன்று மாதத்தில் நல்ல குணம் கண்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டார்கள். ஆக, ஏதாவது ஒன்றை விடாமல் செய்வதுதான் முக்கியம்.

இறுகிப்போன மண்ணை ஒரே நாளில் பொலபொலப்பாக்க முடியாது என்று நமக்குத் தெரியும். மூடாக்குப் போட்டு, பயறு விதைத்து, மடக்கி உழுது காத்திருக்கிறோம். கால் நாரும் அப்படித்தான். எனக்கு முதல் ஆறு வாரம் பெரிய மாற்றம் தெரியவில்லை. நாலாவது மாதம்தான் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஊசி, அறுவை இல்லாமலே ஒரு வருடத்துக்குள் சரியாகிறது.

ஒத்தடம்: எது, எப்படி?

கைவைத்தியத்தை நான் விட்டுவிடவில்லை. சூட்டு ஒத்தடம் இறுகிய சதையைத் தளர்த்தும், வலியை மறக்கடிக்கும். நைந்த நாரைத் தைத்துவிடாது. இந்த அளவுக்கு எதிர்பார்த்துச் செய்தால் நல்ல துணை.

எனக்குப் பிடித்தது தவிட்டு ஒத்தடம். செக்கிலோ மில்லிலோ அலைய வேண்டாம், நம் நெல்லின் தவிடு வீட்டிலேயே இருக்கிறது. கால் படி தவிட்டோடு ஒரு கைப்பிடி கல்லுப்பு சேர்த்து வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, முதலில் நம் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கெண்டைக்காலிலிருந்து குதிங்கால் வரை ஒற்றி எடுக்கலாம். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி முடிந்தும் ஒற்றலாம். பூச்சிவிரட்டிக்காக வேலியில் வைத்த நொச்சி இதற்கும் ஆகும். ராத்திரி படுக்கும் முன் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி, கட்டைவிரலால் குதிங்காலிலிருந்து விரல் பக்கமாக ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்தால் சுகமாக இருக்கும். சப்பாத்திக் கட்டையைத் தரையில் போட்டுப் பாதத்தால் உருட்டுவதும் அதே வேலையைச் செய்யும்.

கடை போட்டு வந்த சாயங்காலம் கால் கொதிக்கிறதென்றால் குளிர்ச்சி நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, மெல்லிய துணி சுற்றி, பாதத்தின் அடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள்.

எருக்கு பற்றி ஒரு வார்த்தை. ஐந்திலைக் கரைசலுக்கு எருக்கு ஒடிப்பவர்களுக்கு அதன் பால் எப்படிப்பட்டது என்று தெரியும். தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். சில சமயம் வலியே இல்லாமல் பார்வை மங்கும். எருக்கிலை ஒத்தடம் செய்வதானால் பழுத்து உதிர்ந்த இலையை எடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள், வெடிப்பும் புண்ணும் உள்ள காலில் வைக்காதீர்கள். பால் கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை மட்டும் படித்தால்கூடப் போதும்

சர்க்கரை உள்ளவர்கள் காலில் செங்கல்லும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் எளிமையாக்கித் தந்த முறை இது. படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும், இரண்டு காலிலும், உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் பூ மாதிரி ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயலுக்கும் வெறுங்காலோடு போகக் கூடாது.

என் வீட்டுக்காரருக்கு நாலு இடத்தில் தெரியவில்லை. செங்கல் வைப்பதற்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால்!

மாத்திரை, ஊசி

கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னார்: "எனக்கு ஒரு ஊசி போட்டா ரெண்டு நாள் பறக்கும்க்கா." யூரியா போட்ட பயிர் மாதிரிதான். அந்த ஊசிகளில் பலவும் டைக்குளோஃபினாக். இதே மருந்தை மாட்டுக்குப் போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு அழிந்தன. அதனால்தான் மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006-ல் இந்திய அரசு தடுத்தது. மனிதருக்கு இன்றும் அது நல்ல மருந்துதான், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளைக்கு மட்டும். கடையில் நாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று போகும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். 'மூலிகைப் பொடி' என்று பேரில்லாத பொட்டலத்தில் தருவதையும் நம்பாதீர்கள். ஒரே நாளில் வலி பறந்தால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எல்லாக் குதிங்கால் வலியும் இது இல்லை. நமக்கு முள் தைத்து உள்ளே ஒடிந்திருக்கலாம். கால் ஆணியாக இருக்கலாம். பித்தவெடிப்பில் சீழ் வைத்திருக்கலாம். ஆகவே முதலில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குதிங்கால் வீங்கிச் சிவந்திருந்தால், காய்ச்சல் இருந்தால், மரத்துப்போனால், படுத்திருக்கும்போதும் ராத்திரியில் வலித்தால், விழுந்து அடிபட்ட பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். இளவயதில் இரண்டு குதிங்காலும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்தால் அது வேறு வாத நோயாக இருக்கலாம். பயிற்சி செய்தும் மூன்று மாதத்தில் துளியும் குறையாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் வசதி உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. குயவர்பாளையத்தில் மத்திய அரசின் சித்த மருத்துவ மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த மருத்துவத்துக்குப் போனாலும், எவ்வளவு நேரம், எந்தத் தரையில் நிற்கிறீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

வலி உள்ள காலத்தில் கடற்கரைச் சாலையில் "நடந்தா சரியாயிடும்" என்று வேகநடை போக வேண்டாம். அதுவும் கெட்டித் தரைதான். கடல் மணலில் நெடுந்தூரம் நடப்பதும் வேண்டாம், குதிங்கால் புதையும்போது நார் இன்னும் இழுபடும். சைக்கிள் மிதிக்கலாம்.

இப்போது எனக்கு வலி அநேகமாக இல்லை. அறுவடை நேரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கும், பயிற்சியைக் கூட்டினால் போய்விடும். வீட்டுக்காரர் எம்.சி.ஆர். செருப்போடுதான் வரப்பில் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, ஆறு விரலையும் தொட்டுப் பார்ப்பேன்.

உழவர்களாகிய நாம் சந்தை போடும் இடங்களில் எல்லாம் நிற்பவர்களுக்கு ஒரு பாயும், உட்கார ஒரு முக்காலியும் இருக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறேன். மேசை, தராசு, பதாகைக்கு ஒதுக்குகிற பணத்தில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் வேறு நல்ல முறை இருந்தால் எழுதி அனுப்புங்கள். சேர்ந்து செய்து பார்ப்போம்.